சித்தப்பாவின் பத்து வள்ளங்கள்

எனக்குக் கவிதை வரும் என்று இந்த உலகத்தில் முதலில் நம்பியவன் நான்தான். அப்படி ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தவனும் நான்தான். முதலாவதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டாவதற்குச் சமாதான நீதவானின் முத்திரையுடன் ஒரு கடதாசி இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏ.எல். பரீட்சையை இரண்டாம் தடவையும் எழுதிவிட்டு, திருகோணமலையில் வீட்டோடு இருந்தேன். அந்தக் காலத்தில் ஊருக்குள் வேலை தேடிப் போவதென்றாலும் மூன்று இராணுவச் சென்றிப் பொயின்றில் இறங்கிக் கையைத் தூக்க வேண்டும் என்பதால், வேலை தேடாமல் இருப்பதற்கு எனக்கு நல்ல காரணம் இருந்தது. சும்மா இருந்த நேரத்தில் யாப்பு படித்தேன். (அம்மா அதைச் 'சும்மா இருக்கிறதிலும் மோசம்' என்றார்.)

அந்த வருடம்தான் சித்தப்பா இறந்தார். அப்பாவின் தம்பி. துறைமுகப் பக்கத்தில் வள்ளம் திருத்தும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கிழமை நாட்களில் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போவார். சனிக்கிழமை லோஞ்சு ஏறி, குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சானில் இருக்கும் சின்னம்மாவிடமும் இரண்டு மகள்மாரிடமும் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஆணிப் பெட்டியைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தார். அதன் பிறகு எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். பெயர்தான் கல்வெட்டு; உண்மையில் பதினாறு பக்கப் புத்தகம். முன்னுக்குப் படம், நடுவில் தேவாரம், பின்னுக்கு இறந்தவரின் வரலாறு. அந்த வரலாற்றைப் பாட்டாக எழுதும் பொறுப்பை என்னிடம் யாரும் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். சித்தப்பாவின் மேல் எனக்கு அவ்வளவு பாசம். அச்சில் என் பெயர் வரும் என்பதிலும் கொஞ்சம் பாசம்.

கட்டைபறிச்சானில் அப்போது நிலைமை சரியில்லை. பீரங்கிச் செல் விழத் தொடங்கியிருந்தது. சின்னம்மா மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு இனி அங்கே இருக்க ஏலாது என்று தீர்மானித்து, திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு அறை பார்த்தார். ஓய்வு பெற்ற நேர்ஸ் அம்மா ஒருவரின் வீடு. ஆறு மாத வாடகை முற்பணம். இடம்பெயர்ந்து வந்தவர்கள் அறைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. நேர்ஸ் அம்மா நல்ல மனுசிதான். ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் காசு வராட்டி, நான் அடுத்த ஆக்களுக்குக் குடுத்திடுவன். குறை நினைக்காதேங்கோ."

சின்னம்மாவின் கையில் காசு இல்லை. சித்தப்பாவின் வங்கிப் புத்தகத்தில் இருந்தது. அதை எடுத்தால்தான் அறை. அறை கிடைத்தால்தான் பிள்ளைகள் இந்தக் கரைக்கு வரலாம். அந்த வெள்ளிக்கிழமை காலை லோஞ்சில் சின்னம்மா தனியாக வந்து இறங்கினார். பிள்ளைகள் அக்கரையில் பக்கத்து வீட்டுப் பங்கரில். மூன்று மணி லோஞ்சை விட்டால் அன்றைக்குத் திரும்பிப் போக வழியில்லை.

"கடதாசி வேலையெல்லாம் என்னட்ட விடுங்கோ சின்னம்மா" என்றேன். பாவம், விட்டார்.

வங்கி வாசலில் மண்மூட்டை. பையைத் திறந்து காட்டி உள்ளே போனோம். சுவரில் கட்டணப் பட்டியல் ஒட்டியிருந்தது. இறந்தவரின் கணக்கைக் கையாளுவதற்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் பெறுமதிக்கு ஏற்ப ஒரு கட்டணம். உரித்தாளிகளின், அதாவது வாரிசுகளின், கையெழுத்தைச் சரிபார்க்கத் தலைக்கு இவ்வளவு என்று இன்னொன்று. சொத்து ஒரு எல்லையைத் தாண்டினால் கோட்டில் நீதிபதி முன் வழக்கு வைத்து உத்தரவு எடுத்து வர வேண்டும். செத்தவருக்கு இவ்வளவு செலவா என்று சின்னம்மா மெதுவாகக் கேட்டார். நாங்கள் சின்ன ஆட்கள், எங்களுக்குச் சின்னக் கட்டணம்தான் என்று விளக்கினேன். அது உண்மை. அன்று காலை நான் பேசியவற்றில் உண்மை அது ஒன்றுதான்.

கவுண்டரில் இருந்த அக்கா கடதாசிகளைப் பார்த்தார். மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், மகள்மாரின் பிறப்புப் பதிவு, வங்கிப் புத்தகம். "எல்லாம் சரி. மனேஜர் ஒரு கையெழுத்து வைச்சால் பன்னிரண்டு மணிக்குள்ள காசு எடுக்கலாம்" என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருந்திருக்கலாம். இருபத்திரண்டு வயதில் அது ஏலாது. பையில் கல்வெட்டு இருந்தது. முந்நூறு பிரதி அடித்தோம். அந்தியேட்டிக்கு வந்தவர்கள் அதை வாங்கி, சோறு சாப்பிடும்போது விசிறிக்கொண்டார்கள். ஒருவர்கூட என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த அக்காவின் முகத்தில் வாசிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"இதையும் வையுங்கோ" என்று கல்வெட்டை எடுத்து எல்லாக் கடதாசிக்கும் மேலே வைத்தேன். "மேலதிக ஆதாரம்."

"இது தேவையில்லைத் தம்பி."

"இருக்கட்டும் அக்கா. வரலாறு முழுக்க இருக்கு." அதோடு விட்டேனா. எல்லாக் கடதாசியிலும் 'கிடைத்தது' என்று முத்திரை குத்தும்படி கேட்டேன். கடதாசி தொலைந்தால் நாளைக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டேன். அந்த அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, ஒவ்வொன்றாகக் குத்தினார். கல்வெட்டிலும் குத்தினார். அதுவும் என் பாட்டு இருந்த பக்கத்திலேயே, தலைப்புக்கு மேலே. பார்க்க அழகாக இருந்தது.

கால் மணித்தியாலத்தில் மனேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு பொலிஸ்காரர் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் எவ்வளவு விளங்கும் என்று எனக்குத் தெரியாது. மனேஜரின் கையில் கல்வெட்டு.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா" என்றேன். எழும்பி நின்றேன் என்று நினைக்கிறேன்.

அவர் வாசித்தார். எழுத்துக்கூட்டி அல்ல, நல்ல இராகத்தோடு.

பத்துவள்ளங்கள் ஓட்டிப் பரவையை ஆண்ட செம்மல்
கத்துநீர்க் கந்தளாயில் கழனிகள் கண்ட வேந்தன்
சித்தமே குளிரப் பேசிச் சினமறியாத அண்ணல்
முத்தென மக்கள் ஆறும் முகம்புதைத் தழுது நிற்க

"நல்ல விருத்தம்" என்றார் மனேஜர். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம். அந்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க எனக்கு ஐந்து விநாடி கிடைத்தது.

"பிள்ளைகள் ரெண்டு எண்டு கிராம சேவகர் எழுதியிருக்கிறார். நீங்கள் ஆறு எண்டு எழுதியிருக்கிறியள். மற்ற நாலு பேரும் எங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வியர்த்தது. "அது பெறாமக்கள் ஐயா, தமையன்ர பிள்ளைகள். நாங்கள் அண்ணன் தம்பிமார் நாலு பேர். சித்தப்பா எங்களையும் பிள்ளைகள் மாதிரித்தான் பார்த்தவர். முருகனுக்கும் ஆறு முகம் எண்டபடியால்..."

"அது சரி. ஆனால் இதில பெறாமக்கள் எண்டு இல்லையே. முத்திரை குத்தின கடதாசி. நான் இதைக் காணேல்லை எண்டு சொல்ல ஏலாது." கண்ணாடியைக் கழற்றினார். "போன வருசம் இப்பிடித்தான் ஒரு கணக்கு. காசு குடுத்த பிறகு மூத்த தாரத்துப் பிள்ளைகள் எண்டு மூண்டு பேர் வந்து நிண்டினம். தலைமைக் காரியாலயத்துக்கு விளக்கம் எழுதி எழுதி எனக்குக் கை போச்சு. இந்த வள்ளங்கள் எங்க நிக்குது?"

"எந்த வள்ளங்கள்?"

"பத்து வள்ளம்."

சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. அதிலும் பின் பிரேக் இல்லை. பத்து வள்ளம் என்பது, ஒரு மழைக்காலத்தில் பட்டறைக்குத் திருத்த வந்த வள்ளங்கள். அவற்றுக்கு ஆணியும் தாரும் எண்ணிக் கொடுத்தவர் சித்தப்பா. 'ஆணி கொடுத்த செம்மல்' என்று எழுதினால் எடுப்பாக இராது என்று நான் அவரை வள்ளங்களில் ஏற்றிவிட்டேன். கந்தளாய் வயல் இன்னும் மோசம். அங்கே ஒரு சிநேகிதரின் வயலுக்கு ஒரு தடவை போய், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தவர். கண்டவர் என்பது உண்மைதானே.

மனேஜர் கட்டணப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். பத்து வள்ளம், வயல், மனைவியோடு சேர்த்து ஏழு உரித்தாளிகள். பென்சிலால் ஏதோ கூட்டினார். எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. கோடு, லோயர், பத்திரிகையில் அறிவித்தல். சித்தப்பாவின் புத்தகத்தில் இருக்கிற காசைவிட, அவருக்கு இல்லாத வள்ளங்களைக் கையாளுவதற்கான கட்டணம் கூடுதலாக வந்தது.

"அதோட, பத்து வள்ளம் எண்டால் நேவிப் பதிவும் கேப்பினம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் இருந்த பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

நேரம் பதினொன்றேகால். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, வள்ளத்தை விடுவம்" என்றார் மனேஜர். "முதல்ல ஆக்களைப் பார்ப்பம். நாலு பேரும் வந்து, நாங்கள் பிள்ளைகள் இல்லை, பங்கு வேண்டாம் எண்டு கையெழுத்து வைச்சால் போதும். பேரும் விலாசமும் சொல்லுங்கோ."

"மூத்தண்ணன் கொழும்பில. நான் இங்க. தம்பி பள்ளிக்கூடத்தில."

"அது மூண்டு."

நான் மேசையில் விரித்திருந்த கட்டணப் பட்டியலைப் பார்த்தேன்.

இரண்டாவது அண்ணன் எங்கே என்று எங்கள் வீட்டில்கூட யாரும் உரத்துக் கேட்பதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் ரியூசனுக்கு என்று போனவன். சைக்கிள் மட்டும் பிறகு வந்தது. அன்றிலிருந்து குடும்பப் பதிவு கேட்டு ஆமியோ பொலிஸோ வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவார். அவனையும் சேர்த்துத்தான் நான் ஆறு என்று எழுதினேன். சித்தப்பாவுக்கு அவன்மேல்தான் கூடப் பிரியம். அவனை விட்டுவிட்டு ஐந்து என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது பொலிஸ்காரர் பக்கத்தில் இருக்க, ஒரு வங்கிக்காரர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுடைய பெயரையும் விலாசத்தையும் கேட்கிறார். சிரிப்புக் கதை சொல்லும்போது இந்த இடத்தில் நான் வேகமாகப் போய்விடுவது வழக்கம். ஆனால் அந்த அரை நிமிடம் அவ்வளவு வேகமாகப் போகவில்லை.

சின்னம்மா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நாலாவது ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை ஐயா" என்றார். குரல் ஒரே சீராக இருந்தது. "மூண்டு பேரும் இல்லை, நாலு பேரும் இல்லை. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள். இவன் பாட்டுக்கு நிறைவாய் இருக்கட்டும் எண்டு போட்டவன். வள்ளமும் அப்பிடித்தான், வயலும் அப்பிடித்தான். இவன் சின்னனில இருந்தே இப்பிடித்தான், ஒண்டைப் பத்தாக்கிச் சொல்லுவான்."

மனேஜர் சின்னம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொலிஸ்காரரைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் இருப்பது தெரிந்தது. பேனையை மூடினார்.

"அப்ப பாட்டில இருக்கிறது பொய் எண்டு எழுதித் தாங்கோ" என்றார் என்னிடம். "சத்தியக் கடதாசி. சமாதான நீதவானிட்ட கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாங்கோ. ஒன்றரைக்குக் கவுண்டர் பூட்டுவம்."

சமாதான நீதவானின் வீடும் ஓர்ஸ் ஹில்லில்தான். அந்த ஏற்றத்தில் சின்னம்மாவைச் சைக்கிள் பாரில் ஏற்றி மிதித்த பெருமை எனக்கு உண்டு. பாதி ஏற்றம் வரைக்கும்தான். அதன் பிறகு அவர் இறங்கி, நானும் இறங்கி, சைக்கிளைத் தள்ளினோம். நடுவில் ஒரு சென்றியில் மறித்தார்கள். பையைக் கொட்டிக் காட்டினோம். வரிசையில் இருபது நிமிடம் போனது. சின்னம்மா கொட்டிய கடதாசிகளை எண்ணிப் பைக்குள் வைத்தார். வெயிலில் அந்த வெள்ளைச் சேலையைப் பார்க்க எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. (அதற்கும் ஒரு கல்வெட்டு வேண்டும், அதை எழுத ஆளில்லை என்று அடக்கிக்கொண்டேன்.)

சமாதான நீதவான் ஒரு பழைய தலைமை ஆசிரியர். சோற்றில் கை வைத்தபடி இருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்தார். விசயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. ஆசிரியர்மார் பிழை திருத்தும்போது சிரிப்பதில்லை. ஒரு தாளை எடுத்து, கல்வெட்டை முன்னால் வைத்து, வரி வரியாகக் கேட்டார்.

"பத்துவள்ளங்கள் ஓட்டி. உண்மையோ?"

"இல்லை ஐயா."

"எத்தனை ஓட்டினவர்?"

"ஒண்டும் ஓட்டேல்லை. அவருக்குக் கடலில போனால் தலை சுத்திச் சத்தி வரும்."

எழுதினார். 'மேற்சொன்ன இறந்தவர் எக்காலத்திலும் வள்ளம் எதையும் வைத்திருக்கவோ செலுத்தவோ இல்லை.'

"கந்தளாயில் கழனிகள்?"

"ஒரு நாள் சாப்பிடப் போனவர்."

'மேற்சொன்ன இறந்தவருக்குக் கந்தளாயிலோ வேறெங்கோ வயற்காணி எதுவும் இல்லை.'

"மக்கள் ஆறு?"

"ரெண்டு" என்றேன். அதை எழுதும்போது அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இரண்டு மகள்மாரைத் தவிர வேறு பிள்ளைகள் எவரும் இல்லை என்றும், அவ்வாறு கூறியது எனது கற்பனை என்றும்.' கற்பனை என்று எழுதிய இடத்தில் எங்கள் அண்ணன் இருந்தான். நான் கையெழுத்து வைக்க வேண்டும். நேரம் ஒன்று பத்து.

"அவ்வளவுதானே" என்று தலைமை ஆசிரியர் முத்திரைப் பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, ஒண்டு விடுபட்டுப் போச்சு" என்றார் சின்னம்மா.

இரண்டு பேரும் திரும்பினோம்.

"அந்தச் சினமறியாத அண்ணல் எண்டது. அதுவும் பொய். சேட்டில பட்டன் இல்லாட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் எழும்புற அளவுக்குக் கத்துவார். அதையும் எழுதுங்கோ. எழுதிற எண்டால் எல்லாத்தையும் எழுதோணும்."

தலைமை ஆசிரியர் பேனையைக் கீழே வைத்தார். "கோபத்துக்கு வங்கி கட்டணம் எடுக்காதே பிள்ளை."

"எடுத்தாலும் பரவாயில்லை. எழுதுங்கோ" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சித்தப்பா இறந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே என் பாட்டு நாலு வரியும் பொய் என்று சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்தோம். வங்கிக் கதவைப் பாதி பூட்டியிருந்தார்கள். அந்த அக்காதான் எங்களைக் கண்டு உள்ளே விட்டார். மனேஜர் சத்தியக் கடதாசியை நின்றபடியே வாசித்தார். கோபம் பற்றிய பந்தி வந்தபோது கண்ணாடியை ஒரு தரம் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு ஒப்பம் வைத்தார். காசு எண்ணிக் கைக்கு வந்தது. கட்டணங்கள் கழித்த துண்டும் வந்தது. மூன்று உரித்தாளிகளுக்கான கட்டணம், சின்னச் சொத்துக்கான சின்னக் கட்டணம். அதற்குக் கீழே பேனையால் எழுதிய ஒரு வரி: 'மேலதிக சரிபார்ப்பு, பாட்டு ஒன்று - ரூபா நாற்பது.'

என்னிடம் நாற்பது ரூபா இல்லை. என் பொய்க்கான கட்டணமும் சித்தப்பாவின் காசிலிருந்துதான் போனது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க நேர்ஸ் அம்மாவின் கையில் முற்பணம் கொடுத்தோம். மூன்று மணி லோஞ்சில் சின்னம்மா ஏறினார். ஏறும்போது, "வீட்ட போய்ச் சாப்பிடு. ஒண்டும் எழுதாதே" என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளோடும் மூன்று மூட்டையோடும் வந்து இறங்கினார். அடுத்த மாதம் கட்டைபறிச்சானில் அவர்கள் இருந்த வீட்டுக்கு மேல் செல் விழுந்தது. அன்று வங்கி ஒன்றரைக்குப் பதில் ஒன்றுக்குப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன். நினைத்தால் நித்திரை வராது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்லாத விசேடம் கிடையாது. சத்தியக் கடதாசியின் பிரதியைத் தம்பி பாடமாக்கி வைத்திருக்கிறான், நீதவானின் குரலிலேயே சொல்லுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா இருந்தவரைக்கும், 'வேறு பிள்ளைகள் எவரும் இல்லை' என்ற இடம் வர முன்னம் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். தேநீர் ஊற்றப் போகிறார் என்று நாங்களும் விட்டுவிடுவோம். அந்த அண்ணன் திரும்பி வரவேயில்லை.

நான் பாட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. (சத்தியம் செய்தது அந்த நாலு வரிக்குத்தான்.) சொந்தத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்துப்பா நான்தான். மேடையில் ஏறி, தாளை விரித்து, தொண்டையைச் செருமுவேன். அந்த நேரம் முன்வரிசையில் ஒரு சலசலப்பு கேட்கும். சின்னம்மா கைப்பையைத் திறப்பார். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது, காசுத் தாளைத் தடவித் தடவித்தான் எடுப்பார். மண்டபம் முழுக்கக் காத்திருக்கும். இரண்டு இருபது ரூபாத் தாளை எடுத்துப் பேரப்பிள்ளை ஒன்றிடம் கொடுத்து மேடைக்கு அனுப்புவார்.

நான் அந்த நாற்பது ரூபாவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் வாசிக்கத் தொடங்குவேன். அதற்கு முன் தொடங்கினால் அவர் விடமாட்டார்.